சூரியன் மேல் ஓர் எஃப்.ஐ.ஆர்.

பிணத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது.

யாரும் எடுக்கவில்லை.

அடித்து ஓய்ந்தது... மறுபடி அடித்தது!

மொட்டைமாடி. உச்சி வெயில். வரிசையாகப் பன்னிரண்டு சோலார் பேனல்கள். அவற்றுக்கு எதிரே, படிக்கட்டுச் சுவரோரம், பெரிய கறுப்புத் தார்ப்பாய் போர்த்திய ஓர் உடல். சுற்றி நின்ற ஆட்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மின் ஆய்வாளர் அப்போதுதான் கடைசிப் படியில் கால் வைத்தாள். மூன்று மாடி. ஐம்பத்து மூன்று வயது முழங்கால்கள். இந்த வாரத்தில் அவள் பார்க்கப்போகும் மூன்றாவது சாவு.

"அந்த போனை யாராவது எடுங்களேன்!"

"எவிடென்ஸ் மேடம்... தொடக்கூடாதுல்ல?" என்றார் இளவயது எஸ்.ஐ.

"எவிடென்ஸ் கத்திக்கிட்டே இருக்கே. காதுல விழலையா?"

ஆய்வாளர் முதலில் சுவரிலிருந்த இன்வெர்ட்டர் பெட்டியின் பக்கம் போனாள். ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, பேனல் பக்கத்து சுவிட்சை அணைத்தாள். மீட்டர் வைத்து இரண்டு முறை பார்த்தாள். சந்தேகம் தீராமல் இன்னொரு முறை பார்த்தாள். பிறகுதான் குனிந்து போனை எடுத்தாள்.

திரையில் 'தங்கச்சி'.

"அண்ணே! எத்தனை தடவை அடிக்கிறது? மணி பன்னெண்டு ஆச்சு. ரெண்டாவது செக் சொல்லு. மெயின் ஆஃப்ல இருக்கா? எச்சரிக்கை அட்டை தொங்குதா? பேனல் மூடியிருக்கா? நான் நோட்டுல டிக் போடணும்ல!"

ஆய்வாளர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். முப்பது வருஷ சர்வீஸில் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவள் சரியாகச் சொல்லப் பழகவே இல்லை.

"நான் உங்க அண்ணன் இல்லம்மா... நீங்க உடனே கிளம்பி வாங்க."



மறுமுனையில் ஸ்கூட்டரை உதைக்கும் சத்தம் கேட்டது.

"அந்தப் பொண்ணு வரட்டும், அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்!" என்றார் எஸ்.ஐ. "இந்த சோலார் வேலைக்கு லைசென்ஸ் அது பேர்ல. 'நான் மேற்பார்வை பார்க்கிறேன்'னு கையெழுத்துப் போட்டதும் அதுதான். ஆனா ஆளு ஸ்பாட்ல இல்ல. கவனக்குறைவால மரணம்... நேரா உள்ள!"

"என்ன ஆச்சுன்னு முதல்ல சொல்லுங்க."

"மேடம், நின்னுக்கிட்டே பேசாதீங்க. உக்காருங்க!"

பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. கொண்டுவந்தவன் வீட்டுக்காரரின் மைத்துனன். முப்பது வயது இருக்கும். வெயிலில் சிவந்த, சிரிக்கத் தெரிந்த முகம். காலையிலிருந்து அவள் முழங்காலைப் பற்றி யோசித்த ஒரே ஆள்!

"நான்தாங்க வீட்ல இருந்தேன்" என்றான். "அக்கா வேலைக்குப் போயிட்டா. அத்தான் கடைக்குப் போயிருந்தார். பத்து மணிக்குத் தண்ணி கொடுக்க மேல வந்தேன். பேனல் எல்லாம் திறந்தபடி பளபளன்னு கிடக்கு. 'ஏங்க, எதாச்சும் போட்டு மூடக்கூடாதா?'ன்னு கேட்டேன். 'கீழ மெயின் ஆஃப்ல இருக்கு, ஒண்ணும் ஆகாது'ன்னு சிரிச்சார். பாவம்... நல்ல மனுஷன்."

"மெயின் ஆஃப்தான் மேடம்" என்றார் எஸ்.ஐ. "நான் வந்தப்பவும் ஆஃப். வேற யாரும் தொடக்கூடாதுன்னு நானே சீல் வச்சுட்டேன். அப்புறம் எப்படி ஷாக் அடிச்சுது?"

ஆய்வாளர் பெருமூச்சு விட்டாள். இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது!

"கீழ மெயினை அணைச்சா வீட்டுக் கரண்ட் நிக்கும். சூரியனை யார் அணைக்கிறது? வெயில் பட்டா பேனல்ல கரண்ட் வந்துக்கிட்டேதான் இருக்கும். அதனாலதான் கனமான தார்ப்பாயை மேல கட்டி, வெயிலை மறைச்சுட்டு, அப்புறம் ஒயர்ல கை வைக்கணும். இந்தப் பெட்டியில இடது பக்கம் பேனல் ஒயர். வலது பக்கம் வீட்டு ஒயர். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண்தான்."

"அப்ப இடது பக்கம்தான் அடிச்சிருக்கு!"

"கை பட்ட இடத்தைப் பார்த்தா ரெண்டையும் தொட்டிருக்கார். எதுன்னு விரல் சொல்லாது."

"வலது பக்கம் ஆஃப். மிச்சம் இடது பக்கம்தானே மேடம்? கணக்கு சரியா இருக்கே!"

சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு உறுத்தியது. ஆனால் உறுத்தலைப் படிவத்தில் எழுத இடமில்லை.

*

தங்கை கால் மணி நேரத்தில் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்திருந்தாள். கையில் ஒரு நீள நோட்டு.

"என் அண்ணனை எல்லாரும் என்னன்னு கூப்பிடுவாங்க தெரியுமா சார்? 'மூணுதடவை'! வீட்டைப் பூட்டினாலும் மூணு தடவை இழுத்துப் பார்ப்பான். பேனலை மூடாம ஒயரைத் தொட்டான்னு சொல்றீங்களே... சோத்தை மறப்பான், அதை மறக்கமாட்டான்!"

"இதையெல்லாம் கோர்ட்ல சொல்லும்மா."

"காலையில ஒன்பதே காலுக்கு போன்ல சொன்னான். மூணுக்கும் டிக் போட்டிருக்கேன். பாருங்க!"

"நீ போட்ட டிக்குக்கு நீயே சாட்சியா? நல்லா இருக்கே நியாயம்!"

மைத்துனன் முன்னால் வந்தான். குரல் தழுதழுத்தது.

"சார், அந்த அக்காவை விட்ருங்க. போனவரும் போயிட்டார். அது அவர் செஞ்ச தப்பு, இவங்க என்ன பண்ணுவாங்க?"

தங்கை அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"தப்பு அவர் செஞ்சதுன்னு சொல்லி என்னைக் காப்பாத்த வேணாம். அதுக்கு நான் ஜெயிலுக்கே போறேன்."

ஆய்வாளர் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டால் மூன்று மணிக்குள் வீடு. போடாவிட்டால்... ஏன் போடவில்லை என்று நான்கு பக்கம் எழுத வேண்டும். அதை எழுதும் அளவுக்குத் தன்னிடம் என்ன இருக்கிறது? ஒரு தங்கையின் டிக். அவ்வளவுதான்.

பேனா கடைசிக் கட்டத்துக்கு வந்தது.

'பேனல்கள் மூடப்பட்டிருந்தனவா?'

'இல்லை' என்று எழுதப்போய், 'இல்'லோடு பேனா நின்றது.

"உடம்பு மேல இந்தத் தார்ப்பாயைப் போர்த்தினது யாரு?"

மாடிச் சுவரோரம் குந்தியிருந்த வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். இதுவரை அவரை யாரும் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

"நான்தாங்க... பத்தே முக்காலுக்குக் கடையில இருந்து வந்தேன். மேல வந்து பார்த்தா இப்படிக் கிடக்கிறார். கண்ணு திறந்தபடி. பார்க்க முடியலைங்க. அப்புறம்தான் மாடியில இருந்து கத்தி மாப்ளயைக் கூப்பிட்டேன்."

"தார்ப்பாய் எங்க இருந்துச்சு?"

"அது மேலதாங்க."

"எது மேல?"

வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

"பேனல் மேல."

எஸ்.ஐ.யின் பேனாவும் நின்றது.

"இறுக்கிக் கட்டியிருந்துச்சுங்க. எனக்கு முடிச்சு அவுக்க வரலை. பதட்டம் வேற. பிடிச்சு இழுத்தேன், பிஞ்சுட்டு வந்துருச்சு. தப்பா மேடம்? மூடாம விட மனசு வரலை..."



ஆய்வாளர் எழுந்தாள். முழங்கால் 'கடக்' என்றது. பேனல்களை நோக்கி நடந்தாள். வரிசையின் முதல் மூலையில், சட்டத்தில் பிளாஸ்டிக் கயிறு. கயிற்றின் நுனியில் ஒரு பித்தளை வளையம். இரண்டாவது மூலையிலும் வளையம். மூன்றாவதிலும்... நான்காவதிலும்!

திரும்பி வந்து தார்ப்பாயின் மூலைகளைப் பார்த்தாள். நான்கிலும் வளையம் இருந்த இடத்தில் கிழிசல்.

"அவிழ்க்கலை. பிச்சிருக்கு. அவரே எடுத்திருந்தா முடிச்சை அவிழ்த்திருப்பார்." குரலில் வெற்றி ஒன்றும் இல்லை. அலுப்புதான் இருந்தது. "எஸ்.ஐ. சார்... அவர் சாகும்போது பேனல் மூடியிருந்தது. இடது பக்கம் உயிரில்லை. இப்ப உங்க கணக்கைத் திருப்பிப் போடுங்க."

"இடது பக்கம் இல்லைன்னா... வலது பக்கம்! கீழ யாரோ மெயினைப் போட்டிருக்காங்க!"

"போட்டு, அணைச்சிருக்காங்க."

எல்லோரும் திரும்பினார்கள்.

மைத்துனனின் சிரிக்கத் தெரிந்த முகம், சிரிக்கத் தெரியாமல் நின்றது.

"தம்பி... பத்து மணிக்குத் தண்ணி கொண்டு வந்தீங்க. பேனல் திறந்து பளபளன்னு கிடந்துச்சு. அப்படித்தானே?"

"அது... வந்து..."

"நீங்க மேலயே வரலை. அத்தான் கத்தினப்புறம்தான் வந்தீங்க. வந்து பார்த்தா பேனல் திறந்து கிடக்கு, ஆள் மூடிக் கிடக்கார். 'ஆஹா, வசதியா போச்சு'ன்னு கதையைக் கட்டிட்டீங்க. தார்ப்பாய் எங்க இருந்து வந்துச்சுன்னு மட்டும் அத்தானை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்!"

"மாப்ள...?" வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

மைத்துனன் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

"அத்தான்! கொலை இல்ல அத்தான்... மறதி! என் ஐஸ் ஷெட்டு... காலையில இருந்து மெயின் ஆஃப். ஐஸ் எல்லாம் உருகிடுமேன்னு ஒரு நிமிஷம் போட்டேன். மேல ஆள் இருக்கிறது நிஜமாவே மறந்து போச்சு! அப்புறம் பயத்துல பொய் சொல்லிட்டேன்..."

"என்ன ஐஸ் ஷெட்டு?"

"வீட்டுக்குப் பின்னாடி, மேடம்" என்றார் வீட்டுக்காரர். "மீன் கடைகளுக்கு ஐஸ் போடுறான்."

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார்.

"மறதி. அப்ப இதுவும் கவனக்குறைவுதான். ஆள்தான் மாறுது. முடிச்சிரலாமா மேடம்?"

முடித்துவிடலாம்தான். தங்கை தப்பித்துவிட்டாள். இறந்தவன் பெயரும் தப்பித்தது. இதற்கு மேல் ஓர் அரசாங்க முழங்கால் என்ன செய்ய வேண்டும்?

ஆனாலும் கேட்டாள்.

"தம்பி, அந்த ஐஸை ஒரு தடவை காட்டுங்களேன்."

அவன் விருட்டென்று நிமிர்ந்தான்.

"ஐ... ஐஸ் எதுக்கு மேடம்?"

"வெயில்ல நின்னு தொண்டை காஞ்சு போச்சு."

*

மூன்று மாடி இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு 'அம்மா'.

நடையில் மெயின் பலகை. ஆஃப். எஸ்.ஐ. வைத்த அரக்கு கலையாமல் இருந்தது. சுவிட்சின் கைப்பிடியில் ஓர் அட்டை தொங்கியது. கொட்டை எழுத்தில்: 'மேலே ஆள் இருக்கிறார். தொடாதீர்கள்.'

"மறந்துட்டேன்னு சொன்னீங்க" என்றாள் தங்கை மெதுவாக. "இதை ஒதுக்காம அந்த சுவிட்சைப் பிடிக்கவே முடியாது."



பின்பக்க ஷெட்டின் கதவைத் திறந்தார் எஸ்.ஐ.

முகத்தில் குளிர் அறைந்தது!

உள்ளே, வரிசை வரிசையாக ஐஸ் பாளங்கள். கத்தி முனை போலக் கூர் மழுங்காத விளிம்புகள். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மூலையில் கம்ப்ரசர் 'உர்ர்ர்' என்று நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன மேடம் இது!" எஸ்.ஐ. நடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "மெயின் ஆஃப்... நானே சீல் வச்சேன்... இது எப்படி ஓடுது?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன். வீட்ல ஃப்ரிட்ஜ் கூட ஓடலை. இங்க மட்டும் மார்கழி!"

அவள் சுவரோரம் கையை நீட்டினாள். தடித்த கறுப்பு ஒயர் ஒன்று பூச்சுக்குள் நுழைந்து, மீட்டர் பெட்டியின் பின்பக்கம் வரை போயிருந்தது.

"தெருவுல இருந்து வர்ற கரண்டை மீட்டருக்கு முன்னாடியே திருப்பியிருக்கார். மெயினை அணைச்சாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது. இந்த ஐஸ் உருக வாய்ப்பே இல்ல. அப்ப மெயினை எதுக்குப் போட்டார்?"

தங்கையின் கையிலிருந்து நோட்டு நழுவியது.

"நேத்து சாயங்காலம் அண்ணன் சொன்னான்... 'மீட்டருக்கு முன்னாடியே ஒரு ஒயர் பிரியுது. சோலாருக்குப் புது மீட்டர் மாத்தும்போது ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கணும். யாரோட ஒயர்னு வீட்டுத் தம்பிகிட்ட கேட்டிருக்கேன். நாளைக்குச் சொல்றேன்னார்'னு..."

"சொல்லிட்டார்" என்றாள் ஆய்வாளர்.

வீட்டுக்காரர் மைத்துனனைப் பார்த்தார். கத்தவில்லை, அடிக்கவில்லை.

"உங்க அக்காவுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆய்வாளர் படிவத்தை எடுத்து, 'இல்' என்பதை அடித்தாள். 'ஆம்' என்று எழுதினாள். அதன் கீழே ஒரு கோடும் போட்டாள். தங்கை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவளுக்கு ஹெல்மெட்டைக் கழற்றத் தோன்றியது. கழற்றியதும் அழுகை வந்தது.

எஸ்.ஐ. மைத்துனனின் கையில் விலங்கை மாட்டினார்.

"சார்... சார்! நான் அவரைத் தொடக்கூட இல்ல சார்! ஒரு சுவிட்சைப் போட்டேன்... அவ்வளவுதானே! ஒரே ஒரு சுவிட்சு!"

ஆய்வாளர் ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தாள்.

"கவலைப்படாதீங்க தம்பி. இனிமே அந்தத் தொல்லையே இல்ல. லாக்கப்புல சுவிட்சு எல்லாம் வெளிப்பக்கம்தான்!"