ஆறிப்போன முதல் லோடு

தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் கடலோரச் சாலையில் வண்டி ஒரே ஓர் இடத்தில்தான் குலுங்கும். அந்த இடம் மங்கையர்க்கரசியின் பெயர் பொறித்த கல்வெட்டுக்கு நேர் எதிரே இருந்தது. மற்றபடி தானோட்டி லாரிகள் ஒன்றையொன்று உரசாத குறையாக, ரயில் போல வரிசை கட்டிப் பறக்கும். பேருந்தில் போகிறவர்கள் விளிம்புவரை நிரம்பிய டீ கிளாஸை மடியில் வைத்துக்கொண்டு கண்ணயர்வார்கள். கல்வெட்டு வரும்போது மட்டும் விழித்து கிளாஸைப் பிடித்துக்கொள்வார்கள்.

தலைமைப் பொறியாளர் மங்கையர்க்கரசிக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறு கிடையாது.

பெருமைப்பட அவருக்கு உரிமை இருந்தது. தார்ச்சாலை கெடுவதற்குக் காரணம் தாரும் இல்லை, ஜல்லியும் இல்லை, இரண்டும் சீராகக் கலந்து விழாததுதான் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர். ஆலையில் நன்றாகத்தான் கலக்கிறார்கள். டிப்பரில் கொட்டும்போது பெரிய ஜல்லி உருண்டு ஓரத்துக்குப் போய்விடுகிறது, பொடி நடுவில் தங்கிவிடுகிறது. வழியில் காற்று பட்டு மேலே ஏடு கட்டுகிறது. அந்த ஓரத்து ஜல்லியும் ஆறிய கட்டியும் விழுகிற இடத்தில் ரோலர் எத்தனை முறை ஓடினாலும் இடுக்கு மிஞ்சும். இடுக்கில் தண்ணீர் இறங்கினால் அப்புறம் குழிதான்.

மங்கையர்க்கரசி கலவையில் உணர்துகள்களைத் தூவினார். மணல் அளவே இருக்கும் அவை தம் சூட்டையும், சுற்றியுள்ள தாரின் இளக்கத்தையும், பக்கத்தில் இருப்பது கல்லா பொடியா என்பதையும் சொல்லிவிடும். அதைக் கேட்டு, டிப்பருக்கும் தார் விரிக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நின்று மறுபடி கிண்டிக் கொடுக்கும் சமன்கலவியையும் அவரே செய்தார். சாலை போட்ட பிறகும் துகள்கள் உள்ளே விழித்திருந்தன. ஓர் இடம் பக்கத்து இடத்திலிருந்து வேறுபட்டால் திரையில் சிவப்பாகக் காட்டும். அந்தத் திரையில் சாலை முழுக்கப் பச்சை, ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

அந்தப் புள்ளி தொடக்க விழாவின் உபயம். முதல் லோடு டிப்பருக்கு மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. தலைமை விருந்தினரைத்தான் காணோம். உள்ளே கலவை ஆறிக்கொண்டே போனது.

"இந்த லோடைத் திருப்பி அனுப்பிட்டு வேற கொண்டாங்க," என்றார் மங்கையர்க்கரசி.

விழா ஏற்பாட்டாளர் பதறிப்போனார். "மாலை போட்ட வண்டியைத் திருப்புததா? நல்லாச் சொன்னிய போங்க. அபசகுனம், மேடம்!"

வெயில் சாய்ந்த பிறகு வந்த விருந்தினர், ஆவி பறக்கத் தார் விழுவது படத்தில் தெரிய வேண்டும் என்று சமன்கலவியை ஓரங்கட்டச் சொன்னார். டிப்பரின் நெம்புகோலைத் தன் கையாலேயே இழுத்தார். ஆவி பறக்கவில்லை. கட்டி கட்டியாக விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்தத் திட்டைப் பெயர்த்தெடுக்க மங்கையர்க்கரசி பல வருடம் நடையாய் நடந்தார். "ஐயா கையால போட்டதுலா" என்பதே பதில். ஐயாவுக்குப் பதவி போன பிறகுதான் அனுமதி கிடைத்தது. அன்று காலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றார். வெட்டும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"ஜெபராஜு, இன்னையோட என் ரோட்டுல கொறைன்னு ஒண்ணு கெடையாது," என்றார் உதவிப் பொறியாளரிடம்.

"கல்வெட்டுல அதையும் ஒரு வரி சேத்திருவோம், மேடம்," என்று ஜெபராஜ் சிரித்தார்.

எதிரியைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மங்கையர்க்கரசி குனிந்து திட்டை நகத்தால் கீறினார். தார் பொரிபொரியாக உதிர்ந்தது. இடுக்கு வழியே வெயிலும் உப்புக்காற்றும் இறங்கி உள்ளிருந்த தாரைக் காய வைத்திருந்தன. அப்படியானால் இடுக்கில்லாத மற்ற இடங்களும் மெதுவாகவாவது காய்ந்திருக்குமே? இத்தனை வருடமும் துகள்களிடம் வேறுபாட்டை மட்டுமே கேட்டிருந்தார். இப்போது முதல்முறையாக, தார் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று கேட்டார்.

தூத்துக்குடியில் வந்த எண்ணே கன்னியாகுமரியிலும் வந்தது. அந்த எண் இந்தத் திட்டின் எண்ணுக்கு ஒரு படிதான் பின்னால் இருந்தது.

"எல்லாம் ஒண்ணுபோல இருக்கு மேடம். நல்லதுதான?"

"ஒண்ணுபோல கெட்டிருக்கு, ஜெபராஜு. பக்கத்தைப் பாத்துத்தான சிவப்பு காட்டும்? பக்கமும் சேந்து கெட்டா எப்படிக் காட்டும்?" திரையை ஜெபராஜ் பக்கம் திருப்பினார். "மொதல்ல ஒரு இடம் விரிஞ்சாத்தான் நமக்குத் தெரியும். அப்படி விரியுததுக்கு நான் ஒரு இடத்தையும் மிச்சம் வைக்கலையே. மொத்த ரோடும் ஒரே நாள்ல பொடிஞ்சிரும்."

பக்கத்துத் தடத்தில் ஒரு பேருந்து பறந்து போனது. ஜன்னலோரம் ஒரு பெண் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"வெட்டாதீங்க! வண்டி எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லு. ரோட்டை மூடு."

"மேடம், இது உங்க ரோடு..."

"என் ரோடுதான். அதனாலதான் நான் சொல்லுதேன்."

ஐப்பசியின் முதல் பெருமழையில், ஆளில்லாத அந்தச் சாலை முனையிலிருந்து முனைவரை ஒன்றாகப் பெயர்ந்தது. எந்த இடமும் முந்தவில்லை, எந்த இடமும் பிந்தவில்லை. அதைப் பார்த்தபோதும் மங்கையர்க்கரசிக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது எந்தச் சாலை போட்டாலும், சாலை கெடப்போவதை முன்னதாகவே காட்டிக்கொடுக்க, அங்கங்கே ஒரு திட்டைக் கெடுத்துப் போட வேண்டும் என்பது விதி. அதற்குப் பெயர் மங்கைத் திட்டு. வண்டி குலுங்கும்போதெல்லாம் "மங்கை வந்திட்டா!" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். குலுங்காத சாலைக்காக ஆயுளைச் செலவிட்டவருக்குக் கிடைத்த புகழ் அது.

புதிய கடலோரச் சாலையின் தொடக்க விழாவிலும் டிப்பருக்கு மாலை, வாழைக்கன்று, எலுமிச்சம்பழம். சமன்கலவியை ஓரங்கட்டச் சொன்னவர் இந்த முறை மங்கையர்க்கரசி. புதிய தலைமை விருந்தினர் சொன்ன நேரத்துக்கு வந்து நெம்புகோலில் கை வைத்தார்.

"கையை எடுங்க ஐயா. இன்னும் ஆறலை."

"எவ்வளவு நேரம்மா நிக்கது?"

"கெடுக்கதையும் ஒழுங்காக் கெடுக்கணும்லா?"

விருந்தினருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லிவிட்டு, மங்கையர்க்கரசி கலவையின் சூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.