சாக்பீஸ் மலைகள்

சுண்டுவின் வீட்டில் எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது. புதிதாகப் பிறந்த தம்பிப் பாப்பா தூங்கத்தான் பார்த்தான். அவனைத் தூங்கவிடாமல் செய்தவர் அப்பா!

அப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர். கடிகாரம் கொஞ்சம் பிசகினாலும் அவருக்கு இருப்புக்கொள்ளாது. பாப்பாவின் மூச்சோ வேகமாக ஓடும், மெதுவாக நடக்கும், சற்று நின்றுவிட்டுக் கிளம்பும். மூச்சே நின்றுவிட்டதோ என்று அப்பா ஓடிவருவார். பாப்பாவைத் தட்டி எழுப்பிவிடுவார். அவன் ஊரைக் கூட்டி அழுவான்.

"குழந்தை நல்லா இருக்கான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களே!" என்று அம்மா சலித்துக்கொண்டாள்.

"அவங்க பாத்தப்ப ஒழுங்கா ஓடியிருக்கும்," என்றார் அப்பா.

அன்று மதியம் அம்மா குளிக்கப் போயிருந்தாள். சுண்டு தொட்டிலடியில் உட்கார்ந்து சாக்பீஸால் தரையில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு கடிகாரத்தைக் கொண்டுவந்து, தரையை ஒட்டித் தொங்கிய அந்தத் தொட்டில் பக்கத்தில் வைத்தார்.

"இந்தச் சத்தத்தைக் கேட்டு இவனும் பழகட்டும்."

பாப்பாவின் மூச்சு மெதுவானது. அப்பாவின் கை நீண்டது. சுண்டு அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்கப்பா! நான் கேட்டுப் பாக்கறேன்."

பாப்பாவின் நெஞ்சில் மெல்லக் காதை வைத்தாள். உள்ளே குட்டிக் கால்கள் ஓடுவதுபோல் சத்தம். சுண்டு கண்ணை மூடிக்கொண்டாள். கையில் இருந்த சாக்பீஸ் தானாகத் தரையில் நகர்ந்தது. துடிப்பு வேகமானால் கோடு மேலே ஏறியது. மெதுவானால் கீழே இறங்கியது. அவளே அந்தக் கோட்டின்மேல் மிதந்து போவதுபோல் இருந்தது.

கண்ணைத் திறந்தால், தரை முழுக்க மலைகள்! பெரிய மலையின் முதுகில் சின்ன மலை. சின்ன மலையின் முதுகில் அதைவிடச் சின்ன மலை.

"ஐயோ, இவ்வளவு மேடு பள்ளமா?" அப்பா குனிந்து கோட்டைப் பார்த்தார்.

"இப்ப நீங்க உக்காருங்க." சுண்டு அப்பாவின் நெஞ்சில் காதை வைத்தாள். அங்கே கனமான, நிதானமான சத்தம். ஆனால் தரையில் மறுபடியும் மலைகள். மலைமேல் மலை, அதன்மேல் குட்டி மலை.

அப்பா பதறிப்போனார். "எனக்கு என்ன வியாதி?"

சுண்டுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒண்ணும் இல்லப்பா! நீங்க மூச்சை இழுத்தா துடிப்பு வேகமா போகுது. விட்டா மெதுவா போகுது. உங்க நெஞ்சுலயே கை வெச்சுப் பாருங்க."

அப்பா கை வைத்துப் பார்த்தார். மூச்சை இழுத்தார், விட்டார். அவர் புருவம் மேலே ஏறியது.

சுண்டு கடைசியாகக் கடிகாரத்தில் காதை வைத்தாள். சாக்பீஸ் நேராகப் போனது. சுவர்வரை ஒரே கோடு.

"பாத்தீங்களா? இதுக்குக் கனவு வராது, பயம் வராது, பசியும் வராது. அதான் ஒரே மாதிரி ஓடுது. நம்ம அப்படியா? தம்பி நம்ம மாதிரிதான்பா இருக்கான்."

அப்பா மூன்று கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை நாள் பிள்ளையை வீணாக அழவைத்தோமே என்று அவருக்கு நெஞ்சு கனத்தது. கடிகாரத்தை எடுத்துக்கொண்டுபோய் அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தார்.

"இங்கேயே ஒரு நிமிஷம் சாயறேன்," என்று தரையில் படுத்தார். பாப்பாவின் மூச்சு ஓடியது, நடந்தது, நின்று கிளம்பியது. அப்பாவின் கை நீளவே இல்லை.

ஈரத் தலையைத் துவட்டியபடி வந்த அம்மா, வாசலிலேயே நின்றுவிட்டாள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது.

"பாப்பா தூங்கிட்டானா? யாரு தூங்க வெச்சா?"

சுண்டு உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா பேசும்மா. ரெண்டு பேரும் இப்பதான் தூங்கினாங்க!"