மூன்றாவது ராடு

அந்த நட்டு வெறும் விரலுக்கே திரும்பியது. லிங்கேஸ்வரன் ஸ்பேனரை மாட்டக்கூட இல்லை. துரு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தடவிப் பார்க்கத்தான் கை வைத்தான். ஐம்பது வருடம் சும்மா கிடந்த எஞ்சினில் ஒரு நட்டைக் கழற்றுவதென்றால் மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறவைக்க வேண்டும், சூடு காட்ட வேண்டும், சுத்தியலால் தட்டித் தட்டிக் கெஞ்ச வேண்டும், அதற்குப் பிறகும் பாதி போல்ட்டு கழுத்தோடு முறியும். இதுவோ ஊறுகாய் பாட்டில் மூடியைப் போல வழவழவென்று சுற்றிக்கொண்டு கையில் வந்து விழுந்தது. விரலை மோந்து பார்த்தான். புது ஆயில். ஆயிலுக்குப் பின்னால் இன்னொரு வாசனையும் இருந்தது, பச்சை ஏலக்காய் அனலில் வாடத் தொடங்கும்போது வருமே, தொண்டை வரை இறங்குகிற அந்த வாசனை.

குரங்கணிக்கு மேலே, ஜீப்பு போகிற கடைசி வளைவிலிருந்து அரை மணி நேரம் ஏறினால் வருகிற பழைய ஸ்டோர் அது. ஒரு காலத்தில் எஸ்டேட் ஏலக்காயை அங்கேதான் உலர்த்தினார்கள். கூரைத் தகரத்தில் பாதி காற்றோடு போயிருந்தது, காய் பரப்பிய மரத்தட்டுகளில் பாசி பிடித்திருந்தது. மூலையில் ஒரு மரச்சட்டத்தின் மேல், ஏதோ ஒரு பழைய காரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து காற்றாடி சுற்றுவதற்காக மாட்டிய எஞ்சின் உட்கார்ந்திருந்தது. அதன் கப்பியில் தோல் பெல்ட் இன்னும் கிடந்தது. பெல்ட்டின் மறுபாதி சுவர் ஓட்டை வழியாக உலர்த்தும் அறையின் இருட்டுக்குள் போனது.

பயப்பட வேண்டிய இடம்தான். ஆனால் லிங்கேஸ்வரனுக்கு முதலில் வந்தது பயமில்லை, வயிற்றெரிச்சல். முத்துக்கிருஷ்ணன் வந்துவிட்டுப் போயிருக்கிறான். இங்கேயும் முந்திக்கொண்டான்.

முத்துக்கிருஷ்ணன் அவனுக்குச் சகலை, மனைவி பானுப்பிரியாவின் அக்கா ரேணுகாவின் கணவன். போடியில் இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், நூறு வருடத்துக் கார்களைத் தேடிப் பிடித்து ஓடவைப்பது. இரண்டு பேரிடமும் இருப்பது ஒரே சீமைக் கம்பெனியின் ஒரே வருடத்து வண்டி. ஒரு சின்ன வித்தியாசம், முத்துக்கிருஷ்ணனின் வண்டி ஓடியது. மதுரையில் பழைய கார் ஊர்வலத்தில் ஓடியது, கோப்பை வாங்கியது, படம் பேப்பரில் வந்தது, அந்தப் படத்தைப் பானுப்பிரியாவே எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள். லிங்கேஸ்வரனின் வண்டி தேவாரம் ரோட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. மேலே ஏறி இறங்கும் பிஸ்டனையும் கீழே சுற்றும் கிராங்கையும் இணைக்க நாலு கனெக்டிங் ராடு வேண்டும். அதில் மூன்றாவது ராடு இல்லை.

மூன்றரை வருடமாக அந்த ஒரு ராடுக்காக அவன் ஏறி இறங்காத காயலான் கடை இல்லை. போன பொங்கலுக்கு உக்கடத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து, வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது துணியைப் பிரித்துக் காட்டினான். முத்துக்கிருஷ்ணன் கண்ணாடிகூடப் போடவில்லை. கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "நல்ல ராடுதான் சகலை. ஆனா இது லாரி சாமான்" என்றான். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. பானுப்பிரியா சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் எதற்குச் சிரித்தாலும் அவனுக்கு அந்த ராடுதான் ஞாபகம் வந்தது.

குரங்கணி மேலே இந்த வண்டிகளில் இருப்பது மாதிரியே எஞ்சின் ஒன்று கிடக்கிறதாம், அக்கா வீட்டு மச்சான் ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறாராம் என்று அவள் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோது அவன் தலையாட்டியதோடு சரி. வியாழக்கிழமையே பிரபுவின் ஜீப்பைப் பிடித்துக் கிளம்பிவிட்டான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முத்துக்கிருஷ்ணனுக்கு முன்னால் ஒரு சாமானில் கை வைக்க வேண்டும்.

"மூணு மணிக்கு மேகம் எறங்கிரும்ணே" என்று கடைசி வளைவில் பிரபு சொல்லியிருந்தான். "வெரசா சோலிய முடிச்சுட்டு வந்துருங்க. நா இங்கதான் கெடப்பேன்."

இப்போது மணி இரண்டு.

நட்டுகள் எல்லாம் விரலுக்கே வந்தன. அதே சுகத்தில் எஞ்சின் தலை என்கிற மேல்மூடியும் வந்துவிடும் என்று நினைத்தான். வரவில்லை. நெம்பினான், தட்டினான், வேர்த்து ஒழுகினான். கடைசியில் தூக்கியபோது அடியிலிருந்த செம்புத் தகடு இரும்போடு ஒட்டிப்போயிருந்து நார் நாராகக் கிழிந்தது. ஒட்டியிருந்த விதத்தைப் பார்த்தால், கம்பெனியில் மூடிய நாளிலிருந்து யாரும் அதைத் திறந்ததாகவே தெரியவில்லை.

உள்ளே, முதல் வால்வில், ஒரு தகரச் சீட்டு தொங்கியது.

அவனுக்கு அந்தச் சீட்டைத் தெரியும். பால்பவுடர் டப்பாவை வெட்டி, ஆணியால் எழுத்தைக் கீறி, மெல்லிய கம்பியால் கட்டுவது முத்துக்கிருஷ்ணனின் வழக்கம். என்ன சாமான், எத்தனையாவது இடம், அசலா, பொருந்துமா. நாலே வரி. அந்த நீட்டி இழுத்த 'ல'வைப் போடியில் எந்த மெக்கானிக்கும் அடையாளம் சொல்லுவான்.

வால்வு. முதலாவது. அசல். பொருந்தும்.

திறக்காத எஞ்சினுக்குள் சீட்டு எப்படி வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். அப்போதே பையை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். லிங்கேஸ்வரன் கேட்டது வேறு. எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனான்? சீட்டைப் பிய்த்து எறிந்தான். அடுத்த வால்வு. அதிலும் சீட்டு. எட்டு வால்விலும் எட்டுச் சீட்டு, எட்டிலும் கடைசி வரி ஒன்றேதான். பொருந்தும், பொருந்தும் என்று அந்த ஆள் காதருகே நின்று சொல்வதுபோல இருந்தது. காலுக்கடியில் மரத்தளம் இளஞ்சூடாக இருந்ததை அவன் செருப்பு வழியாகவே உணர்ந்தான். அடியில் அடுப்பு மூட்டுகிற நாட்களில் இப்படி இருந்திருக்கும். ஏலக்காய் வாசனை இப்போது கண்ணைக் கரித்தது.

போன் அடித்தபோது உடம்பு தூக்கிப்போட்டது. முத்துக்கிருஷ்ணன்தான்.

"சகலை, மலையிலயா இருக்கீங்க? பானு சொல்லுச்சு."

"ஆமாண்ணே. சும்மா பாத்துட்டுப் போலாம்னு." அண்ணே என்று சொல்லும்போதெல்லாம் நாக்கு கசந்தது.

"நல்லதாப் போச்சு. ஒங்களுக்காகத்தான் அத விசாரிச்சு வச்சேன். அந்த மூணாவது ராடு மட்டும் கெடைச்சுட்டா ஒங்க வண்டியும் ஓடிரும்ல. ஞாயித்துக்கெழம ஒங்களக் கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன்."

லிங்கேஸ்வரனுக்குக் காது மடல் சுட்டது. பிச்சை போடுகிறான். "நீங்க ஏற்கெனவே வந்துட்டுப் போயிட்டீகளேண்ணே. உள்ள பூராவும் ஒங்க சீட்டுத்தான் தொங்குது."

"நா வரலையே சகலை. முட்டிவலியோட அந்த ஏத்தத்த எங்க ஏறுறது. சீட்டு எழுதியே ரெண்டு வருசமாச்சு. கை நடுங்குதுன்னு ரேணுகாதான எழுதித் தருது." குரல் தணிந்தது. "யார் எழுதுனதுன்னு அப்பறம் பாப்போம். நீங்க எதையும் தொடாதீங்க. வெளிய வாங்க மொதல்ல. சகலை, கேக்குதா, வெளிய..."

டவர் போய்விட்டது.

நடுக்கம் உண்மைதான். பொங்கலன்று காபி டம்ளர் அவன் கையில் ஆடியதை லிங்கேஸ்வரன் பார்த்திருக்கிறான், பார்த்து உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டும் இருக்கிறான். சீட்டு எழுத்திலோ ஒரு நடுக்கமும் இல்லை. இதெல்லாம் புத்திக்கு எட்டியது. எட்டியும் என்ன. வெளியே வா என்கிறானே, எதற்கு? தான் ஞாயிற்றுக்கிழமை வந்து நிதானமாக அள்ளிக்கொண்டு போகத்தானே? கேட்டுக்கொண்டு இறங்க லிங்கேஸ்வரன் என்ன கிறுக்கனா?

மேகம் இறங்கிவிட்டது. கூரை ஓட்டை வழியாக வெள்ளையாக வழிந்து, தட்டுகளை மறைத்து, வாசலை மறைத்தது. எங்கேயோ கீழே பிரபு ஹாரன் அடித்தான். நீளமாக ஒன்று, பிறகு இன்னொன்று. இரண்டாவது முதலாவதைவிடத் தூரத்தில் கேட்டது.

இருக்கட்டும். ராடை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடலாம்.

அந்தக் காலத்து எஞ்சினில் கிராங்க் பெட்டியின் பக்கவாட்டில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஜன்னல் உண்டு. மூடியைக் கழற்றினான். போன் வெளிச்சத்தைக் காட்டினால் கறுப்பு ஆயில் மினுங்கியதே தவிர வேறொன்றும் தெரியவில்லை. தடவித்தான் பார்க்க வேண்டும், அந்த ஆள் தடவுவதுபோல. சட்டைக் கையை மடித்துவிட்டு வலது கையை உள்ளே விட்டான்.

சூடாக இருந்தது.

முழங்கை வரை போனது. முதல் ராடு கிடைத்தது. அதன் கழுத்தில் கம்பி, கம்பியில் சீட்டு. பக்கத்தில் இரண்டாவது. அதிலும் சீட்டு. ஒன்றைத் தாண்டி நாலாவதை எட்ட, தோளை ஜன்னலோடு அழுத்தி, கன்னத்தை எஞ்சினின் விளிம்பில் வைக்க வேண்டியிருந்தது. கண்ணுக்கு நேரே நாலு பிஸ்டன்களின் தலைகளும் தெரிந்தன. நாலாவது ராடிலும் சீட்டு.

கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தான். மூன்றாவது.

சீட்டு இல்லை. அவன் மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. ஒன்றையாவது முத்துக்கிருஷ்ணன் தொடவில்லை. இன்னும் தடவினான்.

ராடும் இல்லை.

மேலே பிஸ்டன் துருவில் பிடித்துக்கொண்டு நின்றது. கீழே ராடு இருக்க வேண்டிய இடத்தில் கிராங்கின் உருண்டைக் கழுத்து மட்டும், ஆயில் பூசி, மழமழவென்று.

எடுத்துட்டான்.

"எடுத்துட்டியேடா" என்று வாய்விட்டே சொன்னான். முதல் தடவையாக அண்ணே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நம்ப முடியாமல், நிச்சயம் பண்ணிக்கொள்ள, ஐந்து விரலாலும் அந்த உருண்டையைச் சுற்றிப் பிடித்தான். உள்ளங்கைக்கு அளவாக இருந்தது.

அப்போது மணிக்கட்டில் ஏதோ பட்டது.

நூல் மாதிரி. அறுந்த கம்பி ஏதாவது தொங்கும் என்று நினைத்தான். அது சுற்றியது. அவசரமில்லாமல், ஒரு சுற்று, விரல்களுக்குக் குறுக்கே போய் உருண்டையோடு சேர்த்து இன்னொரு சுற்று. இறுகியது. பழகிய கை கட்டுவதுபோல, சதையை அறுக்காமல், ஆனால் அசையவிடாமல்.

இழுத்தான். வரவில்லை.

தோளை முறுக்கி இழுத்தான். வரவில்லை.

தகரம் ஒன்று மணிக்கட்டிலிருந்து சரிந்து நடுவிரல் நுனியில் வந்து தொட்டது. புதுத் தகரம். கூரான விளிம்பு. கீறிய எழுத்து ஆழமாக இருந்தது. படிக்க வேண்டாம் என்றுதான் நினைத்தான். விரல் படித்தது.

வலது கை.

மூன்றாவது.

அசல்.

கடைசி வரியில் விரல் போகவில்லை. போகவிடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், உலர்த்தும் அறையில், காற்றாடி ஒரு முனகல் முனகியது. தோல் பெல்ட் விறைத்தது. கப்பி அசைந்தது.

கன்னத்துக்குக் கீழே இரும்பு மெல்ல நடுங்கியது. முதல் பிஸ்டன் ஏறியது. நாலாவது ஏறியது. இரண்டாவது இறங்கத் தொடங்கியது. அதோடு சேர்ந்து, அதே நிதானத்தில், அவன் தோளும் உள்ளே இறங்கியது.