கடல் வெளுத்த வருஷம்

டிரம்மிலிருந்த தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. வெயில் படாத மூலை, அடுப்பிலும் வைத்ததில்லை. விட்ட கையை அம்புரோஸ் சட்டென்று இழுத்துக்கொண்டான். தொண்ணூற்றெட்டில் கோலாலம்பூர் முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம், லோரி வந்து ஊற்றினால்தான் பிரிக்பீல்ட்ஸில் குளியல். முகம் சுளிக்க முடியுமா? குளித்தான். உதட்டில் உப்புக் கரித்தது.

அவனுக்கு மீன்தொட்டிக் கடை. தொட்டிக்குள் அழகுக்கு வைக்கிற பவளத்தை மற்ற வருஷங்களில் குளோரோக்ஸ் வெளுப்புத் திரவத்தில் நாள்கணக்காய் ஊறப்போட்டு வெளுக்க வேண்டும். அந்த வருஷம் கடலே சூடேறி, பவளம் தானாக வெளுத்துவிட்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரிதான்.

கிழக்குக் கரையில் கடலில் முங்கிப் பவளம் எடுத்துத் தரும் கன்னையா மட்டும் தயங்கினான். "அண்ணே, வெளுத்தாலும் உசுரு இருக்கு. பட்டினி கெடக்குது, அவ்ளோதான். தண்ணி குளுந்தா கலர் திரும்பிடும்லா."

"வெள்ளையாப் போனா செத்ததுதான். ஒடச்சு ஏத்து."

ஒரு லோரி நிறைய வந்தது. பாவி, அப்போதாவது கேட்டிருக்கலாம்.

குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது, அந்தப் பவளத்தைக் குவித்திருந்த பின்னறையிலிருந்து, கதவிடுக்கில் கசியும் பாசி நாற்றத்தோடு, எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி விடாமல் ஒரு சத்தம் வந்தது. உயிருள்ள பவளப்பாறை கடலுக்கடியில் அப்படித்தான் பொரியும் என்று கன்னையா எப்போதோ சொல்லியிருந்தான். அம்புரோஸ் தாழ்ப்பாளை நீக்கினான். கதவைத் திறந்தான்.

பவளம் வெள்ளையாக இல்லை. மாநிறம். அவனுடைய நிறம். முன்னால் கிடந்த பவளத் துண்டில் ஒரு மச்சம். அவன் புறங்கை மச்சம்.

கையைப் பார்த்தான். மச்சம் இல்லை. கை வெள்ளை. நெஞ்சு வெள்ளை. குடலைச் சுருட்டும் பசி. கத்த வாய் திறக்கவில்லை. விரல்கள் கல்லாயின. விழுந்தான்.

டாக்டர் நாடி பார்த்து, "போயிட்டார்," என்றார். அது அம்புரோஸுக்குக் கேட்டது. மனைவி மகதலேனா அழுததும் கேட்டது. குளிப்பாட்ட பெஞ்சில் கிடத்தினார்கள்.

"இப்படி வெளுத்துப் போயிட்டாரே," என்றாள் பக்கத்து வீட்டுத் தங்கமணி.

உசுரு இருக்கு. ஒரு செம்பு பச்சைத் தண்ணீர். ஒரே ஒரு செம்பு. நிறம் திரும்பிவிடும்.

தங்கமணி புதிதாய் வந்த லோரித் தண்ணீரில் ஒரு செம்பு மொண்டாள்.

"அவருக்குப் பச்சத்தண்ணி ஆவாதுக்கா," மகதலேனா விம்மினாள். "வெந்நி ஊத்துங்க. நெறய ஊத்துங்க."

ஆவி பறக்க முதல் செம்பு நெஞ்சில் விழுந்தது. பின்னறையில் பொரிகிற சத்தம் ஓங்கியது.