மீனாச்சிக்கு எழுதிய கண்

சாயம் பூசி வெகுநேரமாகியும் படத்தில் அந்தக் கண் மட்டும் ஈரமாகவே இருந்தது. சாரதாம்பாள் பஞ்சால் ஒற்றினாள், மீண்டும் கசிந்தது. ஆகஸ்டு மாதப் புழுக்கம், வெளியே காஜா பேராங் தெருவில் மெர்டேக்கா சுதந்திர விழா வளைவுக்கு ஆணி அடிக்கும் ஓசை, அறைக்குள் முட்டிக்கொண்டு நிற்கும் சாய நெடி. இதில் எதுதான் காயும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். பக்கத்துப் பாயில் ஆறு வயது மகள் ஜெயா பகல் தூக்கத்தில் இருந்தாள்.

ஸ்டூடியோக்களுக்குப் படம் திருத்திக் கொடுப்பது சாரதாம்பாளின் பிழைப்பு. இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்துப் படமெடுப்பார்கள். மூடிய இமைமேல் அவள் திறந்த கண்ணை எழுதுவாள். பொன்னுதுரை கேட்டது அதற்கும் ஒரு படி மேல். செத்துப்போன மனைவி மீனாச்சி கண் திறப்பதை அவர் பார்க்க வேண்டுமாம். அதற்காக அந்த ஒரே படத்தைத் தீப்பெட்டி அளவில் பல பிரதிகள் போட்டு, ஒவ்வொன்றிலும் இமையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி எழுதி, ஓரத்தை நூலால் தைத்துப் புத்தகமாக்கினாள். கட்டைவிரலால் சரசரவென்று விட்டால் மூடிய கண் திறக்கும்.

இறந்தவருக்கு அவருடைய பழைய படத்திலிருந்துதான் கண் எடுக்க வேண்டும். உயிரோடிருப்பவரைப் பார்த்து எழுதக் கூடாது, எழுதினால் இறந்தவர் அவரை அண்டிவிடுவார். இந்தத் தொழிலில் யாரும் அதை மீறுவதில்லை. மீனாச்சிக்கோ வேறு படமே கிடையாது. கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்து எழுத உட்கார்ந்த சாரதாம்பாள் தூரிகையைக் கீழே வைத்தாள். உடனே ஜெயாவைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்துவிட்டாள். பச்சைப் பிள்ளையை எது அண்டப்போகிறது என்று ஒரு சமாதானம். தன் உயிர் தனக்குச் சர்க்கரை; அவளை மட்டும் குறை சொல்லி என்ன?

சாயங்காலம் பொன்னுதுரை வந்தார். வாசலில் நின்றபடியே தாள்களை விட்டுப் பார்த்தார். மீனாச்சி கண் திறந்தாள். அவர் தோள் குலுங்கியது.

“கண்ண மூடிக்கிட்டே போயிட்டா, தங்கச்சி. இன்னிக்கு அலை ஏறுறப்ப உஜோங் பாசிர் கரையில சாம்பலக் கரைக்கிறேன். இதையும் அவகூட விட்டுர்றேன். போற வழி தெரியணும்ல.”

வீட்டில் வைத்துக்கொள்வார் என்றே சாரதாம்பாள் நினைத்திருந்தாள். அவர் புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அவர் போன பிறகும் தாள் புரளும் ஓசை நிற்கவில்லை. சன்னமாக, விடாமல், அறைக்குள்ளேயே கேட்டது. மேசையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு பாயைப் பார்த்தாள். ஜெயாவின் மூடிய இமைகள் படபடத்துக்கொண்டிருந்தன. ஓசை அங்கிருந்துதான் வந்தது.

“ஜெயா, எழுந்திரு.”

“எழுந்துட்டேன்மா. இருட்டா இருக்கு. சைக்கிள் மணி கேக்குது.”

விரலால் இமையைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. தோல் வழவழவென்றிருந்தது, படத்தாள் போல. சாய நெடி அடித்தது.

“ஒரு மாமா எட்டிப் பாக்குறாரும்மா. அழுவுறாரு.”

சாரதாம்பாளுக்குப் புரிந்தது, பிள்ளை பார்ப்பது பொன்னுதுரையின் பைக்குள்ளிருந்து. அந்தப் புத்தகம் தண்ணீரில் விழுமுன் அதைப் பிடுங்கியாக வேண்டும். பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினாள். தெருமுனையில் வளைவு. ஏணிகள், கூட்டம், கொடி கட்டும் பையன்கள். ரிக்‌ஷா நின்றது. மெல்ல நகர்ந்தது. மழை பிடித்தது.

“தண்ணி சத்தம் கேக்குதும்மா.”

“அம்மா வந்துட்டேன் கண்ணு.”

“சம்பான் ஆடுது.”

கரை தெரிந்தது. சேற்று வாடை. சாம்பல் நிறத்தில் கடல். தூரத்தில் ஒரு சம்பான் படகு, அதில் எழுந்து நிற்கும் ஓர் ஆள். கத்தினாள். காற்று எதிர்த்தது. அவர் திரும்பவில்லை. கை நீண்டது.

தோளில் ஜெயாவின் உடம்பு சில்லிட்டது.

இறக்கி மடியில் கிடத்தினாள். இமைகள் திறந்தன. மெல்ல.

அவை ஜெயாவின் கண்கள் அல்ல. வயதானவை. புகையில் சிவந்தவை. மீனாச்சியின் அந்த ஒரே படத்தில் அவை மூடியே இருந்தன. இப்போது அவை சிமிட்டாமல் அவளையே பார்த்தன.

அவற்றுக்குக் கீழே ஜெயாவின் வாய் அசைந்தது.

“அம்மா, கீழ போயிக்கிட்டே இருக்கேன். நீ எங்க இருக்கே?”