மூன்று பேர் கேட்ட முதலிடப் பாட்டு

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அந்த வாரத்தின் முதல் பத்துப் பாட்டை வெளியிட்டாக வேண்டும். அந்த வாரம் முதலிடத்துப் பாட்டை மாநிலம் முழுக்கக் கேட்டவர்கள் மூன்று பேர்.

அமலோற்பவம் எண்ணை இன்னொரு தடவை சரிபார்த்தாள். மூன்றேதான். அந்த மூன்று பேரும் வில்லிவாக்கத்தில் ஒரே பிரசவத்தில் பிறந்த சகோதரிகள். இரண்டாம் இடத்துப் பாட்டுக்கு இரண்டு பேர், ஒரே செவிமுத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் ஒரு தம்பதி. மீதி எட்டு இடத்துக்கும் தலா ஒருவர். ஒருவர் மட்டும் கேட்ட பாட்டுகள் ஏழு கோடிக்கு மேல் இருந்ததால், எட்டைக் குலுக்கிப் போட்டு எடுத்திருந்தாள்.

செவிமுத்து வந்து ஆறு வருடம் ஆகிறது. குன்றிமணி அளவு. காதுக்குள் உட்கார்ந்து நாடித்துடிப்பையும் மூச்சையும் படித்து, அந்த ஆளுக்கென்றே ஒரு பாட்டைக் கட்டும். குரல், சொல், தாளம் எல்லாம் அந்தக் காதுக்கு மட்டும். தனிப்பா என்று பெயர். உன் பாட்டைக் கொஞ்சம் போடு என்று இப்போது யாரும் யாரையும் கேட்பதில்லை. அடுத்தவர் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வது போல, ஒன்றும் தெரியாது, தலைதான் வலிக்கும். கேட்பதே நாகரிகமில்லை என்றும் ஆகிவிட்டது.

பாடல் தரவரிசை நடுவத்தில் முன்பு எழுபது பேர் வேலை பார்த்தார்கள். இப்போது இயக்குநர் ரகோத்தமனும் அமலோற்பவமும்தான். அறிவிப்பை அனுப்பிவிட்டு அவள் எழுந்தபோது அவர் கதவருகே நின்றிருந்தார்.

"போன வாரம் நீ ஏழாவது இடத்த விட்டுட்டேம்மா. ஆறுக்கு அப்பறம் எட்டு."

"ஐயோ சார். யாராவது கேட்டாங்களா?"

"அதத்தான் சொல்றேன். ஒருத்தர் கேக்கல." அவர் சிரிக்கவில்லை. "மார்ச்சோட மூடிடுவாங்க போலருக்கு. உருப்படியா ஒரு முதலிடம் காட்டுன்னா நான் என்னத்தக் காட்டறது?"

சில மாதமாகவே அவளுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழச் சொல்லும், எழுந்தால் நடக்கச் சொல்லும், நடந்தால் எங்கே என்று கேட்கும் ஒரு பரபரப்பு. அதை அடக்க அவளிடம் இருந்தது ஒன்றுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் தங்கை ரீட்டா காய்ச்சலில் நாலே நாளில் போனாள். முப்பதாம் நாள் பூசை முடிந்து ராயபுரம் வீட்டுக்கு வந்தபோது, செவிமுத்தில் ஒரு புதுப் பாட்டு வந்தது. மூன்றாவது தட்டு விழுந்ததும் தாளம் நின்றுவிடும். யாரோ மூச்சை இழுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தது போல ஓர் இடைவெளி. பிறகு நாலாவது தட்டு மெல்ல விழும். ரீட்டா அப்படித்தான் பேசுவாள், பாதியில் நிறுத்தி, கண்ணைப் பார்த்துவிட்டு. அந்த இடைவெளிக்காகவே அமலோற்பவம் அந்தப் பாட்டைத் தினமும் கேட்டாள். யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் மெட்ரோவில் எதிரே ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். காதில் செவிமுத்து. விரல்கள் கைப்பையின் மேல் தாளம் போட்டன. ஒன்று, இரண்டு, மூன்று தட்டு. விரல் அந்தரத்தில் நின்றது. மறுபடி இறங்கியது.

அமலோற்பவத்தின் பாட்டும் அந்த இடத்தில்தான் நிற்கும். தற்செயலாக இருக்கும் என்று பார்வையைத் திருப்பினாள். கதவோரம் நின்ற ஒருவரின் செருப்பு நுனி மூன்று முறை தட்டி நின்றது. அடுத்த பெட்டியில் கல்லூரிப் பெண் ஒருத்தியின் தலை மூன்று முறை ஆடி நின்றது. தான் இறங்க வேண்டிய நிலையத்தையும் தாண்டி, பெட்டி பெட்டியாக நடந்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை தில்ஷாத்தின் முன் போய் நின்றாள். இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். எல்லாத் தனிப்பாவும் பிறக்கும் மெட்டகத்தில் தில்ஷாத் பொறியாளர்.

"நாங்க பாட்டோட எண்ண வெச்சுத்தான் கணக்கு எடுக்கறோம். ஒவ்வொரு தனிப்பாவுக்கும் தனி எண். அதனால ஒரு ஆளுக்கு மேல வர்றதே அபூர்வம். குரல், சொல்லு, வேகம், சுருதி எல்லாத்தையும் கழிச்சிட்டு வெறும் மெட்ட மட்டும் ஒப்பிட முடியுமா?"

"முடியும். எதுக்கு?"

"முதல்ல எண்ணு. அப்பறம் சொல்றேன்."

ஒப்பிடும் கருவியை எழுதி முடிக்க இரண்டு நாள் பிடித்தது. மெட்டளவி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். புதன்கிழமை மத்தியானம் திரையில் விடை வந்தது. ஒரே மெட்டு. நாலு கோடியே பன்னிரண்டு லட்சம் காதுகள்.

தில்ஷாத் தன் காதிலிருந்த செவிமுத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "எனக்கும் இதேதான்டி" என்றாள்.

"அப்ப மெஷின் நம்மள ஏமாத்துதா?"

"இல்ல. அது ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாத்தான் தேடுது. எந்த எடத்துல துடிப்பு அடங்குதுன்னு பாத்துப் பாத்து மாத்திக்கிட்டே போவும். எல்லாருக்கும் அதே எடத்துல அடங்கினா அது என்ன பண்ணும், சொல்லு?"

அமலோற்பவத்துக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. நாலு கோடி பேருக்கு ரீட்டா பேசிக்கொண்டிருக்கிறாள். இல்லை, ஒருவருக்கும் பேசவில்லை. அந்த இடைவெளியில் ஆளுக்கொருவரை உட்கார வைத்திருக்கிறார்கள்.

ரகோத்தமன் எண்ணைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "இந்த மாதிரி ஒரு முதலிடம் எந்தக் காலத்துலயும் வந்ததில்லம்மா! வெள்ளிக்கிழமை போட்டுடு."

"ஜனங்க எப்படி எடுத்துப்பாங்க சார்?"

"சந்தோஷப்படுவாங்க. ஊரே ஒரு பாட்டக் கேக்குதுன்னா சந்தோஷந்தானே?"

இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சொல்லாவிட்டால் எல்லோரும் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆனால் இருபத்திரண்டு வருடம் எண்ணிய கை. வந்த எண்ணை மறைத்துவிட்டுக் குலுக்கல் போட்டு எடுத்த எட்டுப் பேரை எழுத அதனால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முதலிடத்தை அறிவித்தாள். கூடவே அந்த மெட்டையும், சொல் இல்லாமல், வெறும் ஹம்மிங்காக.

ஐந்து மணிக்கெல்லாம் தொலைபேசிகள் அலறத் தொடங்கின. முதலில் பேசியது பெரம்பூரில் இருந்து ஒரு பெண்.

"அது எம்புள்ளைக்கு நான் பாடின தாலாட்டும்மா. எனக்குன்னு வந்துது. அத ஊரெல்லாம் கேக்குதுன்னு எதுக்கு எங்கிட்ட சொன்னீங்க?"

அமலோற்பவம் ஜன்னல் வழியே பார்த்தாள். அண்ணா சாலை பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் காதில் கை வைத்து, செவிமுத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்கள். பக்கத்தில் நிற்பவரும் அதையே செய்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தார்கள். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

புகார்கள் குவிந்ததால் பத்தே நாளில் அரசின் புதிய விதி வந்தது. எந்த இரண்டு பேருக்கும் ஒரே மெட்டு இருக்கக் கூடாது. ஒவ்வொரு பாட்டும் ஒப்பிலாச் சான்றோடுதான் காதுக்குப் போக வேண்டும். சான்று தருவதற்குக் கையில் தயாராக இருந்த கருவி மெட்டளவி. அதை இயக்கத் தெரிந்த அலுவலகம் தரவரிசை நடுவம். மூடப்படவிருந்த இடத்துக்கு நாற்பது பேர் வேலைக்கு வந்தார்கள். ரகோத்தமன் அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டார்கள்.

அமலோற்பவத்தின் பாட்டும் போயிற்று. பதிலாக வந்ததில் எந்த இடத்திலும் தாளம் நிற்கவில்லை. வேறு யாருக்கும் இல்லாத மெட்டு. அதைக் கேட்டபடி அவள் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். உடன் வேலை பார்த்தவர்களும் நடந்தார்கள். நடைபாதையில் அவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவள் திரையில் முதல் பொருத்தம் விழுந்தது. எண்ணூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தணிகாசலம். திருவாரூரில் பள்ளி ஆசிரியை மெஹருன்னிசா. இருவருடைய பாட்டுகளும் தனித்தனியே மாறிக்கொண்டே போய் ஒரே மெட்டுக்கு வந்து சேர்ந்திருந்தன. முந்தியவர் தணிகாசலம், அதனால் பாட்டு அவருக்கு. ஆசிரியையின் பாட்டை அமலோற்பவம் அழிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் அவள் அழிக்காவிட்டால் மெட்டளவி தானே அழித்துவிடும்.

எண்ணிக்கை இரண்டு என்று திரை காட்டியது. எட்டு நிமிடம் ஓடியும் அவள் விரல் பொத்தானின் மேல் போகவில்லை. விதியில் இல்லாத ஒன்றைச் செய்தாள். தணிகாசலத்தின் எண்ணை அழைத்தாள்.

பின்னால் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. "யாருங்க?"

"தரவரிசை நடுவத்துல இருந்து பேசறேன். உங்க பாட்டு விஷயமா. உங்க பாட்டையே இன்னொருத்தரும் கேக்கறாங்க."

திட்டுவார் என்று காத்திருந்தாள். எதிர்முனையில் கிரேன் நின்றது.

"அதேவா? கடைசில கீழ எறங்கி, திரும்ப ஏறாம நிக்குமே, அதுவும்?"

"அதுவுந்தான்."

"என்னமோ மாதிரி இருக்கும் மேடம் அந்த எடம். சொன்னா யாருக்குப் புரியப்போவுதுன்னு வுட்டுட்டேன்." அவர் குரல் தணிந்தது. "யாரு மேடம் அது? பேரு வேணாம், எந்த ஊருன்னு மட்டுமாச்சும் சொல்லுங்களேன். அவங்களுக்கும் அந்த எடத்துல அப்படித்தான் இருக்குதான்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

அமலோற்பவம் வாயைத் திறந்தாள். திருவாரூர் என்று சொல்லிவிடத்தான் நினைத்தாள். அதற்குள் பத்து நிமிடம் முடிந்து, திரையில் இரண்டு ஒன்றாயிற்று. ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒப்பிலாச் சான்று எழுந்தது.

"மேடம்? இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள். "அப்படி யாரும் இல்லீங்க. இப்ப நீங்க ஒருத்தர்தான் கேக்கறீங்க."

அவர் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.