சேதியில் சேர்த்த காரம்

"எனக்குத் தைக்கத் தெரியாதுன்னு சொல்ல நீ யாரு?" அம்மாவின் குரல் மாடிப்படியில் இறங்கியது.

"நான் எப்பக்கா அப்படிச் சொன்னேன்?" சித்தியின் குரல் கீழிருந்து ஏறியது.

இரண்டு குரலும் மோதிக்கொண்ட நடுப்படியில் நின்றாள் தம்பட்டம். பத்து வயது. வீட்டில் வைத்த பெயர் வேறு. காதில் விழுந்ததை அவள் கொண்டுசேர்க்கும் வேகத்தைப் பார்த்துத் தெரு வைத்த பெயர்தான் ஒட்டிக்கொண்டது. அந்தத் தெரு மட்டும் யோக்கியமா என்ன? சண்டைச் சத்தம் கேட்டதுமே, காற்றுக்காகத் திறப்பதுபோல் எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன.

கீழே சித்தப்பா குடும்பம், மாடியில் இவர்கள். அம்மா தேவாலயப் பாடகர் குழுவுக்கு அங்கி தைத்துக் கொடுத்திருந்தாள். சித்தி தன்னுடையதைப் போட்டுப் பார்த்து, கழுத்து கொஞ்சம் பிடிக்கிறது, அக்காவிடம் சொல் என்றாள். அவ்வளவுதான். தம்பட்டம் படி ஏற ஏறச் சேதியும் வளர்ந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது, அங்கி கழுத்தை நெரிக்கிறதாம், அம்மாவுக்குத் தைக்கவே தெரியாதாம், குழுவே சிரித்ததாம் என்று ஆகியிருந்தது.

காரணம் அந்தத் தையல் மிஷின்தான். பொழுது விடிந்தால் அம்மா அதன்முன் உட்கார்ந்துவிடுவாள். பரிசு வாங்கினேன் என்றாலும் "ம்". முழங்காலில் அடி என்றாலும் "ம்". சூடான சேதி என்றால் மட்டும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு இவள் பக்கம் திரும்பி, "அப்புறம்?" என்பாள். அந்த ஒரு "அப்புறம்" கிடைக்கத் தம்பட்டம் எதை வேண்டுமானாலும் சொல்வாள்.

சண்டை ஓய்ந்தது. பேச்சுவார்த்தையும் நின்றது. அந்த வாரமே சித்தப்பா ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் ஒரு வீடு பேசி முடித்துவிட்டார். அப்போதுதான் தம்பட்டத்துக்கு உறைத்தது. சித்தியின் பாப்பா பிறந்ததிலிருந்து இவள் இடுப்பில்தான் வளர்ந்தது. அதுவும் போய்விடும்.

ஞாயிறு வகுப்பில், நம்மைக் கெட்டது செய்யத் தூண்டுவது யார் என்று டீச்சர் கேட்டார். பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் சாத்தான் என்றார்கள். தம்பட்டத்துக்கு அப்பாடா என்றிருந்தது. பழியைப் போட ஓர் ஆள் கிடைத்துவிட்டான். ஆனால் வீட்டுக்கு வந்து மாடிப்படியைப் பார்த்ததும் அந்த நிம்மதி கரைந்துபோனது. சாத்தான் காதில் ஏதாவது ஓதியிருக்கலாம். ஏறியது அவள் கால். பேசியது அவள் வாய்.

முழங்காலிட்டு ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டாள். எழுந்த பிறகும் நெஞ்சு கனத்தது. யோசித்துப் பார்த்தாள். ஆண்டவருக்கு நடந்தது எல்லாம் முன்பே தெரியும். தெரியாதவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் மாடியில், ஒருவர் கீழே.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு முதலில் சித்தியிடம் போனாள். சித்தி பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தம்பட்டம் நடந்ததைச் சொன்னாள். இந்த முறை ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. சித்தி நிமிரவே இல்லை.

"பாப்பாவை இறக்கி விடு" என்றாள்.

இறக்கி விட்டுவிட்டு மாடி ஏறினாள். அம்மாவிடமும் சொன்னாள். மிஷின் நிற்கவில்லை. துணியின் ஓரம்வரை தைத்து, நூலைக் கத்தரித்த பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"நீ சேர்த்துத்தான் சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா சண்டை போட்டே?"

"பாட்டுக் குழுவுல அவளை முன்வரிசையில நிக்க வெச்சாங்களே, அன்னையிலேருந்து எனக்கு ஆகலை. கோவத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்துச்சு. நீ கொண்டுவந்து குடுத்தே."

அம்மா திட்டியிருந்தால் தம்பட்டம் அழுதிருப்பாள். இதற்கு அழுகை வரவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"என் தப்பை நான் சொல்லிட்டேம்மா. உன்னோடதை நான் கொண்டு போக மாட்டேன். நீயே போய்ச் சொல்லு."

அம்மா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த நூல் துணுக்குகளைத் தட்டிவிட்டு எழுந்து, படி இறங்கினாள். கீழே கதவு சாத்திக்கொண்டது. தெரு காதைத் தீட்டிக்கொண்டு நின்றதுதான் மிச்சம். எதிர்வீட்டு நர்ஸம்மா பொறுக்க முடியாமல் தம்பட்டத்தை மடக்கி, உள்ளே என்ன பேச்சு என்று விசாரித்தாள்.

"அவங்களையே கேளுங்க" என்றாள் தம்பட்டம். நர்ஸம்மாவுக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

சித்தி மனம் மாறி அங்கேயே தங்கிவிட்டாள் என்று சொல்லத்தான் ஆசை. தங்கவில்லை. மாதக் கடைசியில் வண்டி வந்தது, சாமான் ஏறியது. பாப்பா இவள் பக்கம் கையை நீட்டி அழுதது. வண்டி போய்விட்டது.

மறுவருடம் சித்தியின் தங்கைக்குக் கல்யாணம். அழைக்கச் சித்தியே பாப்பாவோடு வந்தாள். மாடி ஏறி அம்மாவிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினாள். தம்பட்டத்திடம் சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டாள். கிளம்பும்போது, செருப்பு மாட்டுவதற்காகப் பாப்பாவை இவளிடம் கொடுத்தாள்.

அன்று அந்தச் செருப்பை மாட்டச் சித்திக்கு வெகுநேரம் பிடித்தது.